வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ்

அன்புள்ள ஐயா,

டிக்கோயாவில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது பண்டாரவளைப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் கட்டாரில். அப்பாவும் அம்மாவும் இன்னும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில்தான் இருக்கிறார்கள். சில வருடங்களாக வீடு தேடுகிறோம். நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் வீடு கைமாறிவிடுகிறது, இல்லாவிட்டால் விலை ஏறிவிடுகிறது. எல்லப் பக்கம் ஹோட்டல் போடுகிறவர்களும் கொழும்பிலிருந்து வருகிறவர்களும் கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துவிடுகிறார்கள்.

போன வாரம் பார்த்த வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பத்து பேர்ச்சஸ் காணி, மூன்று அறை, 90 இலட்சம். சுவர்ணபூமிப் பத்திரம். "நொத்தாரிசிடம் ஒரு அக்ரிமென்ட் எழுதி, அவர் சார்பில் கையெழுத்துப் போட அட்டோர்னி பவரும் வாங்கிக்கொண்டால் போதும், இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார் தரகர். வெள்ளிக்கிழமைக்குள் பத்து இலட்சம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டுமாம், கொழும்புப் பார்ட்டி ஒன்று காத்திருக்கிறதாம். அப்பா தன்னுடைய ஈபீஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசைத் தருகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

கொடுக்காதீர்கள் என்று அன்றைக்கே ஒரு வரி அனுப்பியிருந்தேன். வெள்ளி போய்விட்டது, தரகர் இன்னும் ஒரு வாரம் தந்திருக்கிறார் என்று இப்போது எழுதியிருக்கிறீர்கள். கொழும்புப் பார்ட்டிக்கு வழியில் டயர் பஞ்சராகியிருக்கும். இதே மாதிரிக் கடிதங்கள் வேறு சிலரிடமிருந்தும் வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பத்திரம். சுவர்ணபூமி, ஜயபூமி எல்லாம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அளிப்புகள். பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. விற்றாலும் அந்த விற்பனை செல்லாது. பத்திரத்தில் சொல்லியிருக்கிற அளவுக்குக் கீழே துண்டு போடவும் முடியாது. நீங்கள் பார்த்த பத்து பேர்ச்சஸ் முழுக் காணியா, பெரிய காணியிலிருந்து வெட்டி எடுத்ததா என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

அட்டோர்னி பவரை நம்பி 90 இலட்சம் கொடுப்பது இன்னும் மோசம். எழுதிக் கொடுத்தவர் நினைத்தால் அதை இரத்துச் செய்யலாம். அவர் இறந்துவிட்டால் அதுவும் அவரோடு போய்விடும். அப்புறம் அவருடைய மனைவியோ, அடுத்த உரிமையாளராகப் பெயர் பதிந்திருக்கிற மகனோ வந்து வாசலில் நின்றால், உங்கள் கையில் இருப்பது முத்திரை ஒட்டிய வெறும் கடதாசி. "எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று தரகர் சொன்னது பொய்யில்லை. பலர் செய்கிறார்கள்தான். அவர்களில் பலருக்கு இன்னும் வழக்கு வரவில்லை என்பதைத் தவிர அதில் வேறு எந்தத் தைரியமும் கிடையாது.

2024இல் உறுமய திட்டத்தில் இப்படிப்பட்ட காணிகள் சிலவற்றுக்கு முழு உரிமையுள்ள உறுதி கொடுத்தார்கள். விற்கிறவருக்கு அது கிடைத்திருந்தால் காட்டட்டும், கதையே வேறு. அப்போதும் உங்கள் சொந்த நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். சாதாரண சின்னக்கர உறுதி, அதாவது தனியாருக்கு முழு உரிமையுள்ள காணி என்றால் முப்பது வருடத்துக்குப் பின்னோக்கித் தேடுவது இங்கே வழக்கம். அடமானம் இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, பிரிக்காத பங்கா, வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை உறுதியில் எழுதியிருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். தரகர் கூட்டிவரும் நொத்தாரிசு வேண்டாம். நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் உங்களுக்காக வேலை செய்யவில்லை.

அடுத்தது மண். உண்மையைச் சொன்னால், பத்திரத்தைவிட எனக்கு இதில்தான் பயம் அதிகம். நீங்கள் வீடு பார்த்தது ஜூலையில். டிக்கோயாக்காரருக்கு ஜூலை என்றால் அடைமழை. பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் அதே ஜூலையில் காற்றும் வெயிலும்தான். அந்த மாதத்தில் அங்கே எந்த மண்மேடும் நல்ல பிள்ளையாகத்தான் நிற்கும். பண்டாரவளைக்கு மழை ஒக்டோபர், நவம்பரில் வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதிதான் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. டித்வா புயல் வந்ததும் 2025 நவம்பர் கடைசியில். வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டித்தான் முற்றம் எடுத்திருக்கிறார்களா? அணைச்சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறார்களா? மேலே மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? புதிதாக எங்காவது ஊற்று கசிகிறதா? சுவரில் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால், எதை மூடுவதற்கு அடித்தார்கள் என்று ஒரு தரம் யோசியுங்கள்.

பண்டாரவளைக்கு இன்னொரு தனிச் சங்கடம் உண்டு. உமா ஓயா நீர்த் திட்டத்துக்கு வெட்டிய சுரங்கத்துக்குள் 2014 கடைசியில் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்த பிறகு, சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, ஏராளமான வீடுகளில் வெடிப்பு விழுந்தது. ஆகவே அங்கே ஒரு வெடிப்பைக் கண்டால் அது பழைய சுரங்க வெடிப்பா, இப்போது நகர்கிற மண்ணின் வெடிப்பா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய் "அந்த நேரம் உங்கள் கிணறு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். தரகர் ஒரு மாதத்தில் சொல்லாததை அவர் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். அதோடு நிறுத்தாமல், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட அனுமதி எடுக்கும்போது கேட்கப்படுகிற அறிக்கை அது. அறிக்கையும் இல்லை, உள்ளூராட்சி மன்றம் அனுமதித்த பிளானும் இல்லை என்றால் அந்த வீட்டை விட்டுவிடலாம்.

காசு விஷயம் இவ்வளவு சிக்கலில்லை. சாதாரண உறுதிக் காணியை 90 இலட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம், ஆக 3,59,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம் வேறு. முழுக் காசும் கையில் இருந்தாலும் ஒரு பகுதிக்கு வங்கிக் கடன் கேட்டுப் பாருங்கள். வங்கியின் சட்டத்தரணி பத்திரம் சரியில்லை என்று திருப்பித் தந்தால், அதைவிட மலிவான ஆலோசனை உங்களுக்குக் கிடைக்காது. வட்டி மாறுகிற கடனா, மாறாததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 கடைசியில் வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளர்களிடமே 25 வீதத்துக்கு மேல் வட்டி வாங்கின. 2024 முடிவில் அது 9 வீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இறங்கியது திரும்ப ஏறாது என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை.

அப்பாவின் ஈபீஎப்பை அட்வான்ஸில் போடாதீர்கள். அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் போட்ட 12 வீதமும் சேர்ந்து ஒரு ஆயுட்காலத்தில் திரண்ட காசு அது. எல்லாம் சரி என்று தெரிந்து உறுதி எழுதுகிற அன்று அவர் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறோம் என்று நான் யோசிப்பதுண்டு. தோட்டத்து ஆட்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி தருகிறோம் என்பதையே தேர்தலுக்குத் தேர்தல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பத்து பேர்ச்சஸும் தனி வாசலும் கண்ணெதிரே நிற்கும்போது கை தானாகப் பையைத் தேடுகிறது. தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொழும்புக்காரரிடம் அவர்கள் "பள்ளத்தாக்கு வியூ" என்று பேசுவார்கள், நம்மிடம் "இனி உங்களை யாரும் எழுப்ப முடியாது" என்பார்கள். விலை ஏறுகிறது என்பது உண்மைதான். இந்த வீடு போனால் அடுத்தது ஐந்து இலட்சம் கூடுதலாக இருக்கலாம். அந்த ஐந்து இலட்சத்தைப் பின்னால் உழைத்துக்கொள்ளலாம். செல்லாத பத்திரத்தில் போட்ட 90 இலட்சத்தை உங்கள் கணவர் கட்டாரில் இன்னும் எத்தனை வருடம் நின்றால் எடுக்க முடியும்?

பிரதேச செயலகத்தின் பொதுமக்கள் தினம் எது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பாடசாலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சுவர்ணபூமிப் பத்திரத்தின் பிரதியோடு பிரதேச செயலகத்துக்குப் போய்க் காணி உத்தியோகத்தரைப் பாருங்கள். விற்பதற்கு அனுமதி எடுத்திருக்கிறார்களா, எடுக்க முடியுமா என்ற இரண்டையும் கேளுங்கள். பிரதியைத் தர விற்கிறவர் மறுத்தால் லீவு போடத் தேவையில்லை, அடுத்த வீட்டைப் பார்க்கலாம்.