எதை எடுப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் முதுநகர். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அம்மா மீன் விற்கிறவர். சின்ன வயதிலிருந்தே அவரோடு துறைமுகத்தில் ஏலத்துக்குப் போய்ப் பழக்கம். பரங்கிப்பேட்டையில் எம்.எஸ்சி. கடல் உயிரியல் படிக்க ஆசை. கூடவே நன்றாகப் படம் வரைவேன். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் சேர்ந்து முறையாக ஓவியம் கற்கலாமா என்றும் தோன்றுகிறது. அப்பா சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. “குரூப் 4 எழுது பாப்பா, நிரந்தரமா ஒரு வேலையில உட்காரு” என்கிறார். மூன்றுமே சரியாகத்தான் படுகிறது. ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டுக்கும் துரோகம் செய்வதுபோல இருக்கிறது. என்ன செய்யட்டும்?

எஸ்., கடலூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாக எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘துரோகம்’ என்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் மனம் கஷ்டப்பட்டது. இந்த வயதில் இத்தனை பெரிய சொல்லைச் சுமக்க வேண்டாம் அம்மா. முதலில் அதை இறக்கி வைத்துவிடுங்கள்.

அப்பாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். நிரந்தரம் என்ற வார்த்தையின் அருமை ஒப்பந்த வேலையில் இருக்கிறவருக்குத்தான் தெரியும். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற கவலையோடேயே உங்களைக் கல்லூரி வரை கொண்டுவந்தவர். உங்கள் ஆசைக்குக் குறுக்கே நிற்கிறார் என்று அவரை நினைக்காதீர்கள். ஆனால் குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அந்தத் தகுதி இப்போதே உங்களிடம் இருக்கிறது, எம்.எஸ்சி. முடித்த பிறகும் இருக்கும். அப்புறம், மீன்துறை ஆய்வாளர் பதவிக்கும் தேர்வாணையம்தான் ஆள் எடுக்கிறது. பழைய அறிவிக்கை ஒன்றைத் தேடி எடுத்து, அதற்கு என்ன படிப்பு கேட்கிறார்கள் என்று அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் கேட்கிற நிரந்தரமும் நீங்கள் கேட்கிற கடலும் ஒரே தாளில் இருக்க முடியும் என்பதை அவர் பார்க்கட்டும்.

இனி கடலும் ஓவியமும்.

உங்கள் வயதில் நான் புதுச்சேரியில் ஓர் ஓவிய வகுப்புக்கு எட்டு மாதம் போனேன். மிஷன் வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடி. ஓவியனாகப் போகிறேன் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஆசிரியர் ஒரு மண்பானையை ஜன்னலோரம் வைத்து, வெயில் நகர நகர அதையே திரும்பத் திரும்ப வரையச் சொல்வார். நான்காவது தாளில் எனக்குத் தலைவலி வந்துவிடும். பக்கத்துப் பையன் பென்சிலைச் சீவிக்கொண்டு பதினைந்தாவது தாளை எடுப்பான். அதே நான், வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தை ஏழு முறை அடித்து எழுதுவேன், விடிந்ததே தெரியாது. ஓவியத்தில் எனக்குப் பிடித்திருந்தது ஓவியன் என்ற பெயர். எழுத்தில் பிடித்திருந்தது வேலை. இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கடல் உயிரியல் என்று சொல்லும்போது உங்கள் மனதில் எது வருகிறது? படகும் அலையுமா?

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்துக்கு ஒருமுறை நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். ஓர் ஆராய்ச்சி மாணவி தட்டில் விரல் நீள மீன் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீன் கெடாமலிருக்க ஊற்றுகிற ஃபார்மலின் நெடி எங்களுக்குக் கண்ணைக் கரித்தது. அவர் ஊசி முனையால் முதுகுத் துடுப்பை மெல்ல நிமிர்த்தி, முட்களை ஒவ்வொன்றாக எண்ணினார். அப்புறம் முட்களுக்குப் பின்னால் துடுப்பைத் தாங்குகிற மெல்லிய கதிர்களை. பிறகு உடலின் பக்கவாட்டில் நீளமாக ஓடுகிற கோட்டில் செதில்களை. இரண்டு தடவை எண்ணியதில் ஒன்று கூடக்குறைய வந்தது போலிருக்கிறது, முதலிலிருந்து மறுபடி எண்ணினார். அவர் முகத்தில் சலிப்பே இல்லை. ஒரு முள் கூடினால் அது வேறு இனமாக இருக்கலாம் என்றார், அவ்வளவுதான். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தபோதும் அதே மீன்தான் தட்டில் இருந்தது.

இதைப் படிக்கும்போது உங்கள் கை துறுதுறுக்கிறதா, இல்லை இவ்வளவுதானா என்று தோன்றுகிறதா? அதை உங்களால் மட்டும்தான் சொல்ல முடியும்.

உங்கள் ஓவியத்துக்கும் அந்தத் தட்டில் இடம் இருக்கிறது. புகைப்படம் வந்த பிறகும் உயிரினங்களைக் கோட்டோவியமாக வரைவது நிற்கவில்லை. புகைப்படம் காட்டுவது கையிலிருக்கிற அந்த ஒரு மீனை, அதன் கிழிந்த வாலோடும் மேலே விழுந்த வெளிச்சத்தோடும். வரைகிறவர் பத்து மீன்களைப் பார்த்து, அந்த இனத்துக்கு உரியதை மட்டும் எடுத்து வரைகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பல காலம் இருந்த பியர் சொன்னரா பிரெஞ்சுக் கடற்படை நிர்வாகத்தில் சம்பளம் வாங்கியவர். அந்த உத்தியோகத்தோடுதான் பறவைகளையும் செடிகளையும் வரைந்தார், எழுதினார். நம் மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிக்கு அறிவியல் பெயரில் அவர் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. அலையாத்தி மரங்களில் ஒரு பேரினத்துக்கும் அப்படியே. உத்தியோகம், ஆராய்ச்சி, படம் மூன்றும் ஒரே ஆளிடம் இருந்திருக்கின்றன.

என் எண்ணத்தைக் கேட்டால், பரங்கிப்பேட்டை. பல்கலைக்கூடம் போனால் முதலாம் ஆண்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், உங்கள் வீட்டுக்கு அது பெரிய சுமை. எம்.எஸ்சி. என்றால் இரண்டு வருடம். ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். காலையில் ஏலத்தில் மீனைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய பெண் அங்கே வெறும் கையோடு போகவில்லை. வகுப்பில் பலர் பாட்டிலில் பார்த்த மீனை நீங்கள் துள்ளும்போது பார்த்திருக்கிறீர்கள்.

ஆனாலும் என் பேச்சை நம்பி விண்ணப்பம் போடாதீர்கள். தேர்வு முடிந்ததும் இருபது நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ஃபைபர் படகுகள் போகும், மீன் வரும். தினமும் அம்மாவின் கூடையிலிருந்து ஒரு மீன் வாங்கி, முட்களையும் கதிர்களையும் எண்ணிக் குறித்து, வரையுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். பன்னிரண்டாம் நாள், பதின்மூன்றாம் நாள் காலையில் எழுந்ததும் மனம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வரைய ஆசையாக இருந்து எண்ண அலுப்பாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். எண்ணுவதில் நேரம் போனது தெரியவில்லை என்றாலும் எழுதுங்கள்.

கிளாத்தி மீனில் ஆரம்பிக்க வேண்டாம், தோல் உப்புத்தாள் மாதிரி இருக்கும், செதில் பிடிபடாது. முதல் நாளுக்குச் சங்கரா நல்லது. முதுகுத் துடுப்பில் முன்பாதி கூரான முள், பின்பாதி மெல்லிய கதிர், இரண்டும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். முள் குத்தும், பார்த்து.