அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தோற்காத அணிக்கும் சாம்பியன்ஷிப் வாய்ப்பு கிடைக்காமல் போவது ஏன்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (சாக்கர் அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை ஆட்டம்) முதல்நிலைப் பிரிவில், சாம்பியன் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் ஆடும் அணிகளைப் புள்ளிப்பட்டியல் முடிவு செய்வதில்லை. 13 பேர் கொண்ட தேர்வுக்குழு தரவரிசை வகுத்து முடிவு செய்கிறது.

அப்பிரிவில் 130-க்கும் மேற்பட்ட அணிகள் இருந்தும், ஒவ்வொன்றும் வழக்கமான பருவத்தில் ஏறத்தாழ 12 ஆட்டங்களே, அதுவும் பெரும்பாலும் தன் லீக்குக்குள்ளேயே ஆடுவதால், வலுவான இரு அணிகள் நேருக்கு நேர் மோதாமலே பருவம் முடிந்துவிடக்கூடும். எளிய வினாத்தாளில் நூறு வாங்கிய மாணவரா, கடினமான வேறொரு தாளில் 92 வாங்கியவரா, யார் சிறந்தவர் என்று கேட்பது போன்றது இது.

2023 பருவத்தில், பிளேஆஃபில் நான்கே இடங்கள் இருந்தபோது, 13 ஆட்டங்களிலும் வென்ற புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி ஐந்தாமிடத்தில் நின்றுபோக, ஒருமுறை தோற்றிருந்த அலபாமா உள்ளே வந்தது. புளோரிடா ஸ்டேட்டின் முதன்மை குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் வீரர்) ஜோர்டன் டிராவிஸ் காயத்தால் விலகியிருந்ததால், அது பழைய வலிமையுள்ள அணி அல்ல என்று குழு கருதியது. அலபாமாவோ அதுவரை தோல்வியே காணாத ஜார்ஜியாவை வீழ்த்தியிருந்தது. மிகச் சிறந்த அணி எது என்பதற்குக் குழு விடையளித்தது. இடத்தை உழைத்து ஈட்டிய அணி எது என்பதே ரசிகர்களின் கேள்வி. எனக்கு ரசிகர்களின் கேள்வியே நியாயமாகப் படுகிறது.

2024-இல் இடங்கள் 12 ஆனதும் சர்ச்சை ஓய்ந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவ்வாண்டே மூன்று தோல்விகள் கண்ட அலபாமா வெளியே நிற்க, எஸ்எம்யு (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) சேர்க்கப்பட்டதால், சர்ச்சை கடைசி இடத்துக்கு மாறியதே தவிர முடியவில்லை.