‘டெஸ்டட்’னா பாஸ் ஆயிடுச்சுன்னு யார் சொன்னது?

கேள்வி: வீட்டு விசேஷத்துல என் மச்சான் "பொண்ணுங்களுக்கு கணக்கு வராது"ன்னார். நான் மனக்கணக்கு மேதை சகுந்தலா தேவியைச் சொன்னேன். உடனே "எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல், இங்கிலீஷ்லயே இருக்கு"ன்னு என் வாயை அடைச்சுட்டார். விதிவிலக்கு எப்படி சார் விதியை நிரூபிக்கும்? இன்னொண்ணு, வழுக்கைக்கு வாங்கின எண்ணெய் பாட்டில்ல ‘க்ளினிக்கலி டெஸ்டட்’னு போட்டிருக்கு, ஆனா ஒரு முடி கூட முளைக்கல. டெஸ்டட், ப்ரூவன் ரெண்டும் ஒண்ணுதானே? இங்கிலீஷ்காரன் குழப்பத்தை எல்லாம் நாம எதுக்கு தலையில தூக்கி வச்சுக்கணும்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: கடைசி வரியிலேர்ந்தே ஆரம்பிக்கறேன். இது இங்கிலீஷ்காரன் குழப்பம்னு தள்ளிவிட்டுப் போற விஷயமா எனக்குத் தெரியல. இந்த வார்த்தைகளை வச்சு ஒருத்தர் உங்க வாயை அடைச்சிருக்கார், இன்னொருத்தர் உங்க பர்ஸைத் திறந்திருக்கார், ரெண்டு பேருக்கும் நீங்க அர்த்தம் கேக்க மாட்டீங்கங்கிற தைரியம்.

முதல்ல மச்சான் விஷயம். அவர் சொன்ன பழமொழி கோர்ட்டுல பொறந்தது. கி.மு. 56ல ரோம்ல பால்பஸ்ங்கிறவருக்கு குடியுரிமை கொடுத்தது செல்லாதுன்னு ஒரு வழக்கு, அவருக்காக அந்தக் காலத்துப் பெரிய வக்கீல் சிசரோ வாதாடினார். ரோம் மத்த ஊர்க்காரங்களோட போட்ட சில ஒப்பந்தங்கள்ல ‘எங்க ஆளுங்களை நீங்க ரோமக் குடிமகனா எடுத்துக்கக் கூடாது’ன்னு தனியா ஒரு ஷரத்து இருந்துச்சு. சில ஒப்பந்தத்துல மட்டும் அப்படி எழுதியிருக்குன்னா, எழுதாத இடத்துல எல்லாம் எடுத்துக்கலாம்னுதானே ஆகுதுன்னு கேட்டார் சிசரோ. அந்த வாதம் பின்னாடி லத்தீன்ல சட்டப் பழமொழியாகி இங்கிலீஷுக்கு வந்துச்சு.

இதை நம்ம ஊர்லயே தினம் பாக்கலாம். ஆஸ்பத்திரி வார்டு வாசல்ல ‘பார்வையாளர் நேரம் மாலை 4 முதல் 6 வரை’ன்னு போர்டு இருக்கும், மத்த நேரத்துல விடமாட்டோம்னு எங்கயும் எழுதியிருக்காது, ஆனா காலையில பத்து மணிக்குப் போனா செக்யூரிட்டி விடமாட்டார், நாமளும் ஏன்னு கேக்கறதில்ல. எழுதி வச்ச விலக்கு எழுதாத விதியைக் காட்டிக் கொடுக்குது, அந்தப் பழமொழிக்கு அவ்வளவுதான் அர்த்தம். சகுந்தலா தேவி யாரோ எழுதி வச்ச ஷரத்து கிடையாது, ரத்தமும் சதையுமா வாழ்ந்து காட்டினவங்க. ‘வராது’ன்னு ஒருத்தர் மொத்தமா அடிச்சு விட்டா, வந்த ஒரே ஒருத்தரைக் காட்டினாலே அந்தப் பேச்சு உடைஞ்சுது. ‘நிறைய பேருக்கு வராது’ன்னு மாத்திச் சொன்னார்னா அப்ப அவர்தான் எண்ணிக்கையோட வரணும், நீங்க இல்ல. கூடவே கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் மெடலை 2014ல மரியம் மிர்சாகானியும் 2022ல மரினா வியாசோவ்ஸ்காவும் வாங்கினதையும் சொல்லி வைங்க.

இதுக்கு இன்னொரு விளக்கமும் சுத்திக்கிட்டு இருக்கு, இங்க ‘ப்ரூவ்ஸ்’னா ‘சோதிக்குது’ன்னு அர்த்தம், விலக்கு வந்து விதியைச் சோதிக்குதுன்னு சொல்வாங்க. பழமொழி பொறந்த கதைக்கு அது ஒத்து வராது, ஆனா அப்படியே வச்சுக்கிட்டாலும் மச்சானுக்குப் பிரயோஜனம் இல்ல, சோதிச்சதுல அவரோட விதி ஃபெயில்.

ஆனா ‘ப்ரூவ்’க்கு சோதிக்கறதுங்கிற அர்த்தம் இருந்தது நிஜம்தான். 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல ‘ப்ரூவ் ஆல் திங்ஸ்’னு வர்ற இடத்தை நம்ம தமிழ் பைபிள்ல பாருங்க, 1 தெசலோனிக்கேயர் 5:21, ‘எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’னு இருக்கும். ‘ப்ரூஃப் ஆஃப் த புட்டிங் இஸ் இன் த ஈட்டிங்’ங்கிறதும் இந்த அர்த்தத்துல வந்ததுதான். அந்தக் காலத்து புட்டிங் ஸ்வீட் கிடையாது, ஆட்டுக்குடல் மாதிரி எதுலயாவது இறைச்சியை அடைச்சு வேக வச்சது, உள்ள என்ன இருக்கு, வெந்துச்சா கெட்டுப்போச்சான்னு வெளியிலேர்ந்து தெரியாது, தின்னு பாத்தாதான் தெரியும். இன்னிக்கு அதைச் சுருக்கி ‘ப்ரூஃப் இஸ் இன் த புட்டிங்’னு மீட்டிங் மீட்டிங்கா சொல்றாங்க, சாப்பிட்டுப் பாக்கறதுங்கிற முக்கியமான பாதியே அதுல காணாமப் போயிடுச்சு.

துப்பாக்கிக்கும் இதே ‘ப்ரூஃப்’ உண்டு. இங்கிலாந்துல பர்மிங்காம்ல 1813ல பார்லிமென்ட் சட்டம் போட்டு ப்ரூஃப் ஹவுஸ்னு, துப்பாக்கியைச் சோதிக்கிற இடம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, இன்னும் நடக்குது. துப்பாக்கிக் குழல்ல வழக்கமா போடறதை விட அதிக மருந்து கெட்டிச்சு சுட்டுப் பாப்பாங்க, வெடிக்காம விரிசல் விடாம நின்னா அந்த இரும்புலயே முத்திரை அடிப்பாங்க, முத்திரை இல்லாம விக்கக் கூடாது. இங்க ஒண்ணைக் கவனிங்க, துப்பாக்கி செஞ்சவன் தானே சுட்டுப் பாத்துட்டு ‘ஓகே’ன்னு சொல்லிக்கல. வேற ஒருத்தர் சோதிக்கிறார், முன்கூட்டியே தெரிஞ்ச ஒரு அளவை வச்சு சோதிக்கிறார், தேறினது தேறாதது ரெண்டும் வெளியில தெரியுது. சகுந்தலா தேவியும் அப்படித்தான் நின்னாங்க. 1980 ஜூன் 18 அன்னிக்கு லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ரெண்டு பதிமூணு இலக்க எண்களைப் பெருக்கச் சொன்னாங்க, அந்த எண்களை எடுத்துக் கொடுத்தது அங்க இருந்த கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட், அவங்க இல்ல. 28 செகண்ட்ல சரியான விடை.

சாராயத்துலயும் இதே ‘ப்ரூஃப்’ங்கிற சொல்தான். வரி போடறதுக்கு சரக்கு எவ்வளவு ஸ்ட்ராங்னு தெரியணுமே, அதனால துப்பாக்கி மருந்தை அதுல நனைச்சு பத்த வச்சுப் பாப்பாங்க, பத்தினா தேறிச்சு. அப்புறம் 1816 வாக்குல ஹைட்ரோமீட்டர் வச்சு எடை பாத்து வரையறுத்தாங்க, அந்த பிரிட்டிஷ் கணக்குல 100 டிகிரி ப்ரூஃப்னா சுமார் 57.1 சதவீத ஆல்கஹால். நம்ம ஊர் பிராந்தி, ரம் பாட்டில்ல 42.8 சதவீதம்னு ஒரு விநோதமான எண் இருக்கும், பக்கத்துல 25 யு.பி.ன்னும் போட்டிருப்பாங்க, அண்டர் ப்ரூஃப், அதாவது 100 ப்ரூஃபுக்கு 25 கீழ. 57.1ல கால் பங்கு கழிச்சா 42.8 வந்துடும். அமெரிக்காக்காரங்க கணக்கு வேற, அங்க 100 ப்ரூஃப்னா 50 சதவீதம். எந்த அளவுகோல்னு கேக்காம எண்ணை மட்டும் பாத்தா ஏமாந்து போவீங்க.

செல்போன் வாங்கும்போதும் இதேதான். வாட்டர்ப்ரூஃப்னு கடைக்காரர் சொல்வார், டப்பாவுல ஐபி67னு இருக்கும். அதுக்கு அர்த்தம் தூசி உள்ள போகாது, 1 மீட்டர் ஆழத் தண்ணியில 30 நிமிஷம் வச்சு சோதிச்சாங்கங்கிறது, அதுவும் லேப்ல நல்ல தண்ணியில, புது போன்ல. மெரினாவுல அலையில இறங்கி போட்டோ எடுக்கிற கதைக்கு அது உத்தரவாதம் கிடையாது. சன்ஸ்கிரீன் டப்பாவுல வாட்டர்ப்ரூஃப்னு எழுதவே கூடாதுன்னு அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011ல சொல்லிடுச்சு, தண்ணியில 40 நிமிஷம் தாங்குமா 80 நிமிஷம் தாங்குமான்னு எழுதுன்னாங்க. எல்லாப் பொருளுக்கும் இப்படி வரணும்னு நான் ஆசைப்படறேன்.

இப்ப உங்க எண்ணெய். டெஸ்டட்னா டெஸ்ட் நடந்துச்சு, அவ்வளவுதான். பரீட்சை எழுதினான்னா பாஸ்னு அர்த்தமா? எத்தனை பேருக்குத் தடவினாங்க, யார் பாத்தாங்க, மருந்து இல்லாத எண்ணெயைத் தடவின இன்னொரு குரூப் இருந்துச்சா, என்ன ரிசல்ட் வந்துச்சு, இது ஒண்ணையும் அந்த ஒரு வார்த்தை சொல்லாது, ‘டெஸ்ட் பண்ணோம், தோலுக்கு எரிச்சல் வரலை’ங்கிறதுக்குக் கூட டெஸ்டட்னு போட்டுக்கலாம். மினாக்ஸிடில்னு ஒரு மருந்து இருக்கு, மொதல்ல பிளட் பிரஷருக்கு மாத்திரையா வந்தது, சாப்பிட்டவங்களுக்கு முடி வளர்றதைப் பாத்துட்டு தலையில தடவுற மாதிரி செஞ்சாங்க. ஒரு குரூப்புக்கு மருந்து, இன்னொரு குரூப்புக்கு மருந்து கலக்காத அதே திரவம், ரெண்டு பக்கமும் உச்சந்தலையில ஒரு சின்ன வட்டத்தைக் குறிச்சு அதுக்குள்ள எத்தனை முடின்னு எண்ணினாங்க, அதுக்கப்புறம்தான் 1988ல அமெரிக்காவுல அனுமதி. ப்ரூவன்னு சொல்றவங்க இப்படி எண்ணிக் காட்டணும். (நீங்க அதை வாங்கப் போறதா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு வாங்குங்க.)

அதே சமயம் உங்களுக்கு முளைக்கலைங்கிற ஒண்ணை வச்சு அந்த எண்ணெய் யாருக்குமே வேலை செய்யாதுன்னு நான் எழுத மாட்டேன், அது நீங்க கண்டிக்கிற தப்பை நாமளே பண்றதாயிடும். 1872 சாட்சியச் சட்டம் இதுல ரொம்பத் தெளிவு. நிரூபணம் ஆனது, பொய்னு நிரூபணம் ஆனது, நிரூபணம் ஆகாததுன்னு மூணாப் பிரிச்சு வச்சிருந்துச்சு, 2024 ஜூலை 1லேர்ந்து புதுச் சட்டம் வந்தும் அந்த மூணும் அப்படியே இருக்கு. உங்க எண்ணெய் இப்போதைக்கு மூணாவது பெட்டியில இருக்கு, அதை முதல் பெட்டிக்கு நகர்த்தற பொறுப்பு வித்தவங்களுடையது.

நகர்த்தச் சொல்லிக் கேக்கவும் வழி இருக்கு. வழுக்கையைக் குணப்படுத்துவேன்னு எந்த மருந்தும் சொல்லக் கூடாதுன்னு மருந்து விதிகள்ல ஷெட்யூல் ஜேன்னு பட்டியலே போட்டிருக்காங்க, புது முடி வளர்றதும் அதுல வருது. விளம்பரத்துல சொல்றதுக்கு ஆதாரம் காட்டணும்ங்கிறது விளம்பரத் துறையோட சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கியோட விதி. அங்க நுகர்வோர் புகார் கொடுக்க காசு கிடையாது, ஆன்லைன்லயே போடலாம். பாட்டில் லேபிளை முன்னாடி பின்னாடி போட்டோ எடுங்க, விளம்பரம் எங்க எந்தத் தேதியில பாத்தீங்கன்னு எழுதுங்க, ‘க்ளினிக்கலி டெஸ்டட்னு இருக்கு, அந்த டெஸ்ட் ரிப்போர்ட் எங்க’ன்னு ஒரே வரி கேளுங்க. பதில் வந்தா எங்களுக்கும் அனுப்புங்க, இதே பக்கத்துல போடறோம்.