டிகாக்‌ஷன் நீர்த்துப்போவது ஏன்?

கேள்வி: "எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக 80:20 (காப்பி 80 பங்கு, சிக்கரி 20 பங்கு) காப்பிப் பொடிதான். சில மாதங்களாக டிகாக்‌ஷன் நீர்த்து இறங்குகிறது. சிக்கரியை 40 பங்காகக் கூட்டலாம் என்றால், அது உடம்புக்கு ஆகாது என்று மகள் தடுக்கிறாள். யார் சொல்வது சரி?"
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: மகள் தடுப்பது சரி, சொல்லும் காரணம்தான் சரியில்லை. சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த பொடி. அதில் கஃபீன் கிடையாது. அளவோடு சேர்த்தால் பெரும்பாலோருக்குத் தீங்கும் இல்லை. ஆனால் அது தருவது கறுப்பும் கசப்பும் கெட்டித்தன்மையும்தான். காப்பியின் மணம் கொட்டையிலிருந்து மட்டுமே வரும். அரைக் கிலோ பொடியில் இதுவரை 100 கிராம் வேரை வாங்கிய நீங்கள், இனி 200 கிராம் வாங்கப் போகிறீர்கள். கள்ளிச் சொட்டுப்போல் இறங்க வேண்டும் என்ற ஆசையில், நிறத்தையே தரம் என்று நகரத்தில் நாம் நம்பத் தொடங்கிவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

டிகாக்‌ஷன் நீர்த்துப்போவதற்குக் காரணத்தை முதலில் பில்டரில் தேடுங்கள். பொடி கொரகொரப்பாக இருந்தாலோ, மேல் பாத்திரத்தில் அதை லேசாக அழுத்தாமல் விட்டாலோ, தண்ணீர் சாறு பிடிக்குமுன்பே ஓடிவிடும். தண்ணீர் நன்றாகக் கொதிக்காவிட்டாலும் சாறு இறங்காது. இவையெல்லாம் சரியாக இருந்தும் திருப்தி இல்லையென்றால், கடையில் பீபெரியோடு (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) கொஞ்சம் ரோபஸ்டா (அழுத்தம் கூடிய காப்பி வகை) சேர்த்து வறுத்து அரைத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் தேடும் அழுத்தம் காப்பியிலிருந்தே கிடைக்கும். அரைத்த பொடியின் மணம் விரைவில் போய்விடுவதால், மாதத்துக்கு ஒரு கிலோ என்று வாங்கி அடுக்காமல், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது.

பொட்டலத்தில் வாங்குவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதும், இரண்டின் பங்கையும் உறையில் அச்சிட வேண்டும் என்பதும் விதி. அந்த வரியைப் படிக்காமல் விலையை மட்டும் ஒப்பிட்டால், மலிவாகத் தெரியும் பொட்டலத்தில் கிட்டத்தட்டப் பாதி வேர் இருக்கக்கூடும். ஐயம் வந்தால் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் பொடியைத் தூவிப் பாருங்கள்: காப்பி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடிழுத்தபடி அடியில் இறங்கும். 40 பங்கு கேட்பதற்குமுன் உங்கள் பொடியை ஒருமுறை இப்படிச் சோதித்துவிடுங்கள். கடைக்காரர் இப்போது தருவது 80:20 தானா என்பதும் ஓரளவு புலப்பட்டுவிடும்.