அப்பா கொடுத்த வாக்கும் அம்மா போட்ட பில்லும்

வணக்கம் சார்,

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பா 22 ஆண்டுகளாக வீட்டுப் புதுப்பிப்புக் குத்தகை எடுத்துச் செய்கிறார். பெரும்பாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள். சைட்டை அண்ணன் பார்க்கிறார், கணக்கு அம்மா கையில். நான் சென்ற ஆண்டுதான் அலுவலக வேலையை விட்டுவிட்டு இதில் சேர்ந்தேன். ஊழியர்கள் 6 பேர். விளம்பரம் கிடையாது, ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்பதுதான் அப்பாவின் கொள்கை.

தெம்பனிஸில் ஒரு நான்கறை வீடு. இரண்டு குளியலறை, சமையலறைத் தரை, மொத்தம் 19,000 வெள்ளி. ஒப்படைத்த மூன்றாவது வாரம் கீழ்வீட்டுக் குளியலறை உட்கூரையில் ஈரம். எங்கள் ஆட்கள் இரண்டு முறை போய் சிலிக்கோன் அடித்துவிட்டு வந்தார்கள். ஈரம் நிற்கவில்லை. "10 வருஷம் கேரண்டி என்று உங்கள் அப்பா சொன்னாரே" என்கிறார் வீட்டுக்காரர். ஷாம்பு வைக்கும் சுவர் மாடத்தை இலவசமாகச் செய்து தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். அம்மா அதற்கு 280 வெள்ளி பில் போட்டுவிட்டார். இப்போது கடைசித் தவணை 3,800 வெள்ளி நிற்கிறது. கூகலில் ஒற்றை நட்சத்திரம் வேறு. விலையைக் குறைத்தால்தான் இனி ஆள் வருவார்கள் என்கிறார் அண்ணன். நான் என்ன செய்யட்டும்?

உங்கள் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விலையைக் குறைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் அந்த வீட்டுக்காரர் விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியவில்லை என்பதுதான் அவருடைய குறை. அப்பா சொன்ன கேரண்டி கொட்டேஷனில் இல்லை. அண்ணன் சொன்ன மாடம் அம்மாவின் காதுக்கு வரவில்லை. குடும்பத் தொழிலுக்கே உரிய ஆபத்து இது. பெரிய நிறுவனத்தின் விற்பனையாளர் எதையாவது சொன்னால், "எழுதிக் கொடுங்கள்" என்று கேட்க யாரும் தயங்குவதில்லை. உங்கள் அப்பா வயதில் ஒருவர் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்துவிட்டு, "நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் அதை எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். 22 ஆண்டுகளாக உங்களுக்கு ஆள் வந்தது அந்த நம்பிக்கையால்தான். ஆனால் வாய்ச்சொல் ஒவ்வொன்றும் உங்கள் பேரில் எழுதப்பட்ட கடன்.

முதலில் கசிவு. அதை நிறுத்தாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

சிலிக்கோனை இனி கையில் எடுக்காதீர்கள். டைலின் இடுக்கு வழியாகத் தண்ணீர் கீழே இறங்குவது இயல்பு. அதைத் தடுத்து ஃப்ளோர் டிராப்புக்கு, அதாவது தரை வடிகாலுக்கு, திருப்புவது டைலுக்கும் அதன் கீழே போடும் சிமெண்டுத் தளமான ஸ்கிரீடுக்கும் அடியில் இருக்கும், நீர் புகாமல் தடுக்கும் வாட்டர்ப்ரூஃபிங் சவ்வு. மேலே சிலிக்கோன் பூசினால் ஈரம் ஒரு வாரம் ஒளிந்திருக்கும், பிறகு திரும்பி வரும். இரண்டு முறை ஆள் அனுப்பியும் வீட்டுக்காரர் கோபம் கூடியதற்குக் காரணம் அதுதான். வந்தவர்கள் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதனை மூன்று கட்டம். முதலில் வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டு, வெளியே இருக்கும் நீர் மீட்டரைப் படம் எடுங்கள். 2 மணி நேரம் கழித்து மறுபடி படம். முள் நகர்ந்திருந்தால் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில் ஓட்டை. ஹீட்டருக்குப் போகும் இணைப்பை முதலில் சந்தேகப்படுங்கள். நகரவில்லையா, அடுத்தது தேக்கச் சோதனை. ஒரு குளியலறையின் ஃப்ளோர் டிராப்பை அடைத்து, வாசல் கட்டுக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் உணவுச் சாயம் கலந்து, சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டி மட்டத்தைப் பென்சிலால் கோடு போடுங்கள். 24 மணி நேரம் விடுங்கள். ஓரிரண்டு மில்லிமீட்டர் ஆவியாகிப் போவதைப் பொருட்படுத்த வேண்டாம். மட்டம் நன்றாக இறங்கி, கீழே சாயமும் தெரிந்தால் சவ்வு போயிருக்கிறது. மட்டம் நின்று, கீழேயும் காய்ந்திருந்தால் அடைப்பை எடுத்துத் தண்ணீரை ஓட விடுங்கள். அப்போது மட்டும் கீழே ஈரம் வந்தால் குற்றம் டிராப்பின் கழுத்திலோ கழிவுக் குழாயிலோ. பழைய புளோக்குகளில் மேல்வீட்டுக் கழிவுக் குழாய் கீழ்வீட்டு உட்கூரைக்கு அடியிலேயே ஓடுவதால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். குளியலறை இரண்டு என்பதால் ஒருநாள் ஒன்றைச் சோதித்தால் வீட்டுக்காரருக்கும் சிரமம் இல்லை.

ஒப்படைத்து மூன்று வாரத்தில் ஈரம் என்பதால், நான் முதலில் பார்க்கச் சொல்வது ஷவர் கண்ணாடித் தடுப்பை. அதை மாட்ட வருபவர் வேறு ஆள், எல்லா வேலையும் முடிந்த பிறகு வருபவர். தரையில் சவ்வு எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. டைல் 10 மில்லிமீட்டர், ஸ்கிரீட் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 50 மில்லிமீட்டர் திருகு சவ்வைக் கிழித்துவிட்டுத்தான் நிற்கும். நீங்கள் தேக்கச் சோதனை செய்து தேறிய தரைகூட அந்த ஒரு திருகில் தோற்றுவிடும். தடுப்பின் அடிச்சட்டம் தரையில் பசையால் ஒட்டப்பட வேண்டும், திருகு சுவரில் மட்டும். இதைத் தடுப்புக்காரருக்குக் கொடுக்கும் ஆர்டரிலேயே எழுதுங்கள். திருகுதான் காரணம் என்று தெரிந்தால் தடுப்பைக் கழற்றி, அந்த வரிசை டைலைப் பெயர்த்து, பழைய சவ்வின் மேல் குறைந்தது 150 மில்லிமீட்டர் ஏறும்படி புதிய சவ்வு பூசி, மறுபடி 24 மணி நேரம் தேக்குங்கள். பல இடத்தில் போயிருந்தால் ஒட்டுப் போடாதீர்கள், தரை முழுவதும் திரும்பச் செய்யுங்கள்.

இனி வரும் குளியலறைகளில் அண்ணன் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய இடங்கள் சில உண்டு. பழைய ஸ்கிரீடை எடுத்ததும் தளத்தைத் தூசி இல்லாமல் கழுவிக் காய வைத்திருக்கிறார்களா? தூசியின் மேல் பூசிய சவ்வு தோலாக உரிந்து வரும். டிராப்பையும் குழாய்த் துளைகளையும் சுற்றிச் சுருங்காத கிரவுட் (இடைவெளி அடைக்கும் சாந்து) அடைத்திருக்கிறதா? தரையும் சுவரும் சேரும் மூலையில் சாந்தால் சரிவு வைத்து, வலைத்துணி பதித்திருக்கிறார்களா? சவ்வு இரண்டு கை, முதல் கை காய்ந்த பிறகு குறுக்குவாக்கில் இரண்டாவது. சுவரில் 300 மில்லிமீட்டர் ஏற்றம், ஷவர் பக்கம் 1,800. அதன் பிறகு தேக்கச் சோதனை, பிறகுதான் ஸ்கிரீடும் டைலும். டைல் தரைக்கு டிராப்பை நோக்கி 100க்கு 1 சரிவு. தேக்கச் சோதனை நாளில் வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள். வர முடியாவிட்டால் பென்சில் கோட்டின் படத்தைத் தேதி நேரத்தோடு அனுப்புங்கள். எத்தனை இனிமையாகப் பேசினாலும் அந்தப் படம் தரும் நிம்மதி பேச்சில் வராது.

சரி, வாக்கு விஷயம். அப்பா 10 ஆண்டு என்று சொல்லியிருந்தால் இந்த வாடிக்கையாளருக்கு அது 10 ஆண்டுதான். எழுத்தில் இல்லை என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். வாய்மொழியும் ஒப்பந்தம்தான். வாட்ஸ்அப் குரல் செய்தியில் சொல்லியிருந்தால் சாட்சியும் ஆயிற்று. சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனலில் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள் கொண்டு போகலாம். உங்கள் வேலைகள் பலவும் அந்த எல்லைக்குள் வருபவை. அடுத்த வேலையிலிருந்து கேரண்டியை நீங்கள் எழுதுங்கள். வாட்டர்ப்ரூஃபிங்குக்கு 5 ஆண்டு போதும். பின்னால் வேறு ஆள் தரையைத் துளைத்தால் செல்லாது என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

அப்பாவை வாக்குக் கொடுக்காதே என்று தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அவர் சொன்னதை அன்று இரவே எழுத்தாக்குவது உங்கள் வேலை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் வீட்டுக்காரர், அப்பா, அண்ணன், அம்மா, நீங்கள். அப்பா சைட்டிலிருந்து வந்ததும், "இன்று பேசியவை" என்று நீங்கள் மட்டும் எழுதுங்கள். விலை, நாள், மாற்றம் ஆகியவை அந்தக் குழுவில் உங்கள் செய்தியாக வந்தால்தான் அண்ணன் கை வைக்க வேண்டும், அம்மா பில் போட வேண்டும். இலவசமாகக் கொடுப்பதையும் கணக்கில் காட்டுங்கள். "சுவர் மாடம் 280 வெள்ளி, தள்ளுபடி 280 வெள்ளி" என்று அச்சில் வந்தால் கொடுத்தது தெரியும், சண்டையும் வராது. வெள்ளிக்கிழமை மாலை மூன்று படம், முடிந்தது என்ன, அடுத்த வாரம் என்ன, வீட்டுக்காரர் எந்தத் தேதிக்குள் எதைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும் என்று நான்கு வரி. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால், டைல் வராமல் ஆட்கள் சும்மா நிற்கும் நாளுக்கு நீங்களே பழி ஏற்க வேண்டியிருக்கும்.

கொட்டேஷனில் "குளியலறைப் புதுப்பிப்பு, மொத்தம்" என்று ஒற்றை வரி எழுதும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். டைலின் அளவு, சதுர அடிக்கு எத்தனை வெள்ளி வரை, வெட்டுச் சேதம் 10 விழுக்காடு, குழாய்ச் சாமான்களின் மாடல் எண், விளக்குப் புள்ளிகள் எத்தனை, குப்பை எத்தனை லாரி என்று பிரித்து எழுதுங்கள். ஒரே அச்சில் வந்த டைலில் ஒரு பெட்டி வீட்டிலேயே மிச்சம் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு நிறம் பொருந்தும் டைல் கடையில் கிடைக்காது. எதெல்லாம் சேர்க்கப்படவில்லை என்பதற்கு ஒரு தனிப் பத்தி இருக்கட்டும். பொருள் சேவை வரிக்கு நீங்கள் பதிந்திருந்தால் 9 விழுக்காடு சேர்த்த தொகையையே பெரிய எழுத்தில் காட்டுங்கள்.

முடியாததை முதல் நாளே முடியாது என்று சொல்வதும் இந்தத் தொழிலில் சேவைதான். சனிக்கிழமை லீவு, அன்று டைல் உடையுங்கள் என்று கேட்பார்கள். வீவக விதிப்படி உடைக்கும் வேலை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே. வீவகவிடம் முன்பதிவு செய்து வாங்கும் புது பிடிஓ வீட்டில் முதல் 3 ஆண்டு குளியலறை டைலைப் பெயர்க்க முடியாது. வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுப் புகலிடம்) சுவரை இடிக்கவே கூடாது. சீனப் புத்தாண்டுக்கு முன் முடித்துத் தாருங்கள் என்று வருபவருக்குப் பின்னோக்கி எண்ணிக் காட்டுங்கள். டைல் போட்ட பிறகே கேபினெட்டுக்கு அளவெடுக்க முடியும், செய்து வர 4 முதல் 6 வாரம் ஆகும், தச்சுப் பட்டறைகளோ பண்டிகைக்கு முன்பே மூடிவிடும். கணக்கு ஒத்து வராவிட்டால் வேலையை எடுக்காதீர்கள்.

நின்றுபோன 3,800 வெள்ளி, 19,000 வெள்ளியில் 20 விழுக்காடு. கடைசித் தவணை இத்தனை பெரிதாக இருப்பது தவறு. ஒப்பந்தத்தில் 10, வேலை தொடங்கும்போது 30, தேக்கச் சோதனையும் டைலும் முடிந்ததும் 35, ஒப்படைக்கும்போது 20, குறைகளைச் சரிசெய்த பிறகு 5 என்று பிரியுங்கள். அந்த 5 விழுக்காடு, அதாவது 950 வெள்ளி, வாடிக்கையாளர் கையில் இருப்பது நியாயம். உங்களை அது திரும்ப வரவழைக்கும். முன்பணத்தைப் பெரிதாகக் கேட்காதீர்கள். வேலையைப் பாதியில் விட்டு ஓடிய குத்தகையாளர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள்தான் உங்களிடம் வருகிறார்கள்.

திரும்பிப் போகும் செலவுக்குப் பணம் எங்கே என்று அண்ணன் கேட்பார். வெளிநாட்டு ஊழியருக்காக நீங்கள் அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வையைப் பாருங்கள். 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் ஊழியருக்கு மாதம் 900 வெள்ளி, உயர்திறன் தகுதி பெற்றவருக்கு 500. உங்கள் 6 பேரில் 4 பேர் அடிப்படை நிலை என்றால், அவர்கள் தகுதி உயர்ந்தால் மாதம் 1,600 வெள்ளி, ஆண்டுக்கு 19,200 வெள்ளி மிச்சம். அதில் ஒரு பகுதியை அவர்கள் சம்பளத்தில் சேருங்கள். இன்னொரு பகுதியை ஒப்படைத்த வீடுகளுக்குப் போய்வர ஒதுக்குங்கள். ஒப்படைத்து ஒரு மாதம் ஆனதும் ஒரு முறை, பதினோராவது மாதத்தில் ஒரு முறை. டைலைத் தட்டிப் பார்த்து வெற்றொலி வரும் இடம், சிங்க் அடியில் ஈரம், தளர்ந்த கீல் என்று பார்த்தால் அரை மணி நேர வேலை. தரையைப் பார்க்கப் போகிறவர் அதே தரையைப் போட்டவராக இருக்கட்டும். நல்ல ஊழியர் நிலைத்து நிற்கும் நிறுவனத்தால்தான் அது முடியும்.

கூகலில் வந்ததற்கு இப்போது பதில் எழுத வேண்டாம். கசிவு நின்ற பிறகு, எந்தத் தேதியில் என்ன கண்டுபிடித்தோம், என்ன செய்தோம் என்று மூன்று வரி. நட்சத்திரத்தை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். 280 வெள்ளி பில்லை இன்றே ரத்து செய்து குழுவில் போடுங்கள். கடைசித் தவணையைப் பற்றிக் கசிவு நிற்கும்வரை பேச்செடுக்க வேண்டாம்.

கீழ்வீட்டை மறந்துவிடாதீர்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது, ஆனால் தினமும் அந்த ஈரத்தின் கீழே குளிப்பவர்கள் அவர்கள். தேக்கச் சோதனைக்கு முந்தின நாள் அப்பாவும் நீங்களும் போய் மணியடியுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி, அனுமதி கேட்டு உட்கூரையைப் படம் எடுத்து, உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கசிவு நின்றதும் அவசரப்பட்டுச் சாயம் பூசிவிடாதீர்கள், கான்கிரீட் காயாமல் பூசினால் கொப்பளித்து உரியும். இரண்டு மூன்று வாரம் விட்டு, கறை வளராமல் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, கறை மறைக்கும் சீலர் ஒரு கை, சாயம் இரண்டு கை. அந்தச் செலவு உங்களுடையது.

அன்புடன்.