குட்டி ஜீன்களைத் தேடுவது எப்படி? – கேள்வி பதில்

பாக்டீரியா ஜீனோமில் 50 அமினோ அமிலத்துக்கு உட்பட்ட புரதங்களின் ஜீன்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

எறும்பு: அக்கா, புதிதாக சீக்வென்ஸ் செய்த ஜீனோமை ப்ரோக்காவில் (ஜீன்களைக் குறித்துத் தரும் நிரல்) ஓட்டினேன். 25 அமினோ அமிலத்தில் ஒரு புரதம்கூட வரவில்லை. என் கிருமியில் குட்டிப் புரதமே இல்லையா?

இருக்கும். ப்ரோக்கா உள்ளே ஓட்டுவது ப்ராடிகல் என்ற ஜீன் தேடும் நிரலை. ஜீன் என்றால் குறைந்தது 90 நியூக்ளியோடைடு (டிஎன்ஏ எழுத்து) என்று அதன் நிரலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று எழுத்து ஒரு கோடான், அதாவது ஓர் அமினோ அமிலம்; 'இங்கே முடி' என்று சொல்லும் முடிவுக் கோடானைக் கழித்தால் 29 அமினோ அமிலம். கட்டளை வரியில் இதை மாற்ற வழியில்லை, அதன் பைத்தான் வடிவமான பைரோடிகலில் மாற்றலாம்.

மாற்றும் முன் ஒரு கணக்கு. 64 கோடான்களில் 3 முடிவுக் கோடான்கள். எழுத்துகளைச் சும்மா இறைத்தாலே, முடிவு குறுக்கிடாமல் 100 கோடான் ஓட வாய்ப்பு 0.8 சதவீதம்தான். 30 கோடான் என்றால் 24 சதவீதம்! வரம்பு வைத்தவர்கள் விவரம் தெரியாமல் வைக்கவில்லை. ஜிசி (ஜி, சி எழுத்துகளின் பங்கு) 70 சதவீதம் உள்ள ஜீனோமில் நிலைமை இன்னும் மோசம்: டிஏஏ, டிஏஜி, டிஜிஏ மூன்றிலும் ஏ-யும் டி-யும்தான் அதிகம் என்பதால் அவை அரிதாகிவிடும்; 100 கோடான் தற்செயலாக ஓடும் வாய்ப்பே 14 சதவீதத்தைத் தாண்டும். ஜிசி மிகுந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவில் வேலை செய்பவர்கள் கவனிக்க.

ஆகவே நீளத்தைக் குறைத்தால் வேறு இடத்தில் பிடியை இறுக்க வேண்டும். தொடக்கக் கோடானுக்கு 5 முதல் 9 எழுத்து முன்னால் ஷைன்-டால்கார்னோ (ரைபோசோம் வந்து ஒட்டும் வரிசை) இருக்கிறதா? உறவுக்கார இனங்களோடு வரிசைப்படுத்தினால் மாற்றங்கள் கோடானின் மூன்றாம் எழுத்தில் குவிகின்றனவா? விடுபட்டதும் சேர்ந்ததும் மூன்றின் மடங்காக இருக்கிறதா? இத்தனைக்கும் பிறகு கையில் இருப்பது வெறும் ஓஆர்எஃப் (தொடக்கம் முதல் முடிவு வரை தடையின்றி ஓடும் பகுதி). அதற்குள் ஜீன் என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

கடைசி_பெஞ்ச்: பிளாஸ்டில் (ஒத்த வரிசைகளைத் தேடும் நிரல்) ஒன்றுமே சிக்கவில்லை. அப்படியானால் போலிதானே?

அவசரப்படாதீர்கள். 20 அமினோ அமிலம் எழுத்துக்கு எழுத்து பொருந்தினாலும் ஈ-மதிப்பு (இத்தகைய பொருத்தம் தற்செயலாக எத்தனை வரும் என்ற கணக்கு) சுமாராகத்தான் வரும். பிளாஸ்ட்பி-ஷார்ட் முறையில் ஓட்டுங்கள், ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை ஒதுக்கும் லோ-காம்ப்ளெக்ஸிட்டி வடிகட்டியை அணையுங்கள். சவ்வில் செருகும் குட்டிப் புரதங்களை அது அப்படியே மறைத்துவிடும். அதைவிட முக்கியம், புரதத் தரவுத்தளத்தில் தேடுவதே வீண். மற்றவர்களும் இதே வரம்போடுதான் ஜீனோமை ஓட்டியிருக்கிறார்கள்; உங்கள் புரதம் அங்கேயும் விடுபட்டிருக்கும். டிபிளாஸ்ட்என் (டிஎன்ஏவை மொழிபெயர்த்துப் புரதத்தோடு ஒப்பிடும் முறை) போட்டு டிஎன்ஏவில் தேடுங்கள். பக்கத்து ஜீன்கள் இரண்டும் அதே வரிசையில் இருந்தால் மங்கலான பொருத்தத்துக்கும் மதிப்பு உண்டு.

நத்தை: மைக்கோபிளாஸ்மாவில் எல்லாப் புரதமும் பாதியில் நிற்கிறது.

நிரலில் மரபுக் குறியீட்டு அட்டவணை 11-ஐ 4 ஆக்குங்கள். அங்கே யுஜிஏ (டிஎன்ஏவில் டிஜிஏ) என்றால் முடிவல்ல, டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம்.

ஜெல்_ஓட்டி: ஈ. கோலையில் 31 அமினோ அமிலப் புரதம் ஒன்றுக்கு டேக் (ஆன்டிபாடி அடையாளம் காணும் ஒட்டு) வைத்தேன். வெஸ்டர்னில் (ஜெல்லில் பிரித்த புரதத்தை ஆன்டிபாடியால் காணும் சோதனை) பட்டை வரவில்லை.

சாதாரண கிளைசின் ஜெல்லில் ஓட்டியிருப்பீர்கள். 10 கிலோடால்டனுக்குக் கீழே ஜெல்லின் முன்னணியில் ஓடும் எஸ்டிஎஸ் சோப்போடு எல்லாம் குழம்பி ஓடிவிடும். 16 சதவீத ட்ரைசின் ஜெல், புரதத்தை மாற்ற 0.2 மைக்ரான் துளையுள்ள பிவிடிஎஃப் படலம். 0.45 மைக்ரானில் குட்டிப் புரதம் மறுபக்கம் போய்விடும். டிரான்ஸ்ஃபர் நேரத்தையும் குறையுங்கள். எஸ்பிஏ டேக் என்றால் அதுவே 8 கிலோடால்டன் அளவு, பிடிப்பது சுலபம். டேக்கை பிளாஸ்மிடில் வைக்காமல் குரோமோசோமில், அதன் சொந்த இடத்திலேயே சேருங்கள். எந்த நிலையில் வளர்த்தீர்கள் என்றும் பாருங்கள். எம்ஜிடிஎஸ் என்ற ஈ. கோலை புரதமும் 31 அமினோ அமிலம்தான். மெக்னீசியம் குறைந்தால்தான் தலைகாட்டும்.

பட்டை வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. தொடக்கக் கோடானைக் கெடுத்து ஓட்டுங்கள், பட்டை மறைய வேண்டும். ஏடிஜியை ஜிடிஜி ஆக்கிவிட்டு 'கெடுத்துவிட்டேன்' என்று வராதீர்கள். ஜிடிஜியும் டிடிஜியும்கூடத் தொடக்கக் கோடான்கள்தாம்.

மைனா: குட்டி ஜீனுக்கு எந்த டூல் பெஸ்ட்?

எறும்புக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தவளை: ரைபோ-சீக்குக்கு (ரைபோசோம் மூடியிருக்கும் ஆர்என்ஏ துண்டுகளைப் படிக்கும் முறை) ஆர்என்ஏஸ் I என்ற வெட்டும் நொதி போதாதா? ஈஸ்ட்டில் அதைத்தானே போடுகிறார்கள்?

ஈ. கோலை ரைபோசோமின் 30எஸ் துணையலகு அந்த நொதியை முடக்கிவிடும். அதனால் எம்என்ஏஸ் என்ற வேறு வெட்டும் நொதி. அதற்குக் கால்சியம் வேண்டும். நிறுத்த, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ போடுங்கள். ஈடிடிஏ போட்டால் மெக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு ரைபோசோம் பிரிந்துவிடும். எம்என்ஏஸ் ஏ, டி பக்கம் சாய்ந்து வெட்டும், துண்டுகளின் நீளம் ஏறி இறங்கும். ரீடின் (படித்த துண்டின்) 3' முனையை வைத்து இடத்தைக் கணக்கிடுங்கள், 5' முனை ஏமாற்றும். செல்களை அறுவடை செய்யும் முன் குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கை ஊற்றாதீர்கள், அது சில அமினோ அமிலங்களில் மட்டும் ரைபோசோமை நிறுத்திப் பொய்க் குவியல் காட்டும். வடிகட்டி, உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள்.

தொடக்கக் கோடான்தான் வேண்டுமென்றால், தொடங்கும் ரைபோசோமை நிறுத்தும் மருந்துகளான ரெட்டாபமுலின் அல்லது ஆங்க்112. ஓடிக்கொண்டிருக்கும் ரைபோசோம்கள் ஓடி முடிக்கும், தொடங்குபவை வாசலிலேயே நிற்கும். ரெட்டாபமுலினை ஈ. கோலை வெளியே தள்ளிவிடும், ஆகவே வெளியேற்றும் வழியான டால்சியை நீக்கிய ரகம் வேண்டும். ஆங்க்112 நுழைய, உள்ளே கடத்தும் எஸ்பிஎம்ஏ புரதம் வேண்டும்.

வௌவால்: அந்தக் குவியல்களில் பாதி இரைச்சல். ரைபோசோம் எங்காவது தடுக்கி விழுந்தால் அதற்கும் பெயர் சூட்டுவதா?

சும்மா_ஒருவன்: மொழிபெயர்க்கப்பட்டால் ஜீன். செல் காசைச் சும்மா செலவழிக்குமா?

செலவழிக்கும், ஐயா. இருவர் சொல்வதிலும் ஒரு பாதி சரி. ஈ. கோலையின் டிஆர்பிஎல் 14 அமினோ அமிலம், அதில் அடுத்தடுத்து இரண்டு டிரிப்டோஃபேன். அந்தப் புரதத் துண்டால் எந்தப் பயனும் தெரிய வேண்டியதில்லை. அந்த இரண்டு கோடான்களில் ரைபோசோம் தயங்குகிறதா இல்லையா என்பதை வைத்தே டிரிப்டோஃபேன் ஓபரான் (அதைத் தயாரிக்கும் ஜீன்களின் தொகுதி) திறக்கும், மூடும். மறுபக்கம் ஏசிஆர்இசட், 49 அமினோ அமிலம்: அதை நீக்கினால் மருந்தை வெளியே தள்ளும் ஏசிஆர்பி பம்ப் தளர்ந்து குளோராம்ஃபெனிகாலுக்கு செல் பலியாகும். பேசில்லஸின் ஸ்போவிஎம் 26 அமினோ அமிலம். அது இல்லாமல் ஸ்போர் உருவாகாது.

வௌவால்: இவை விதிவிலக்குகள்.

2019-ல் ஆங்க்112 வழியாகப் பிடித்த ஈ. கோலை குட்டிப் புரத வேட்பாளர்களில் டேக் வைத்துச் சோதித்த 41-ல் 38 பட்டை காட்டின. ஆக, மொழிபெயர்ப்பு நிஜம். அவை ஏதாவது செய்கின்றனவா என்பது தனிக் கேள்வி, அதற்குப் பட்டை பதில் சொல்லாது.

சும்மா_ஒருவன்: நீக்கிப் பார்த்தால் தெரிந்துவிடுமே?

தெரியாது! முழுப் பகுதியையும் நீக்கினால் அங்கே இருக்கும் ஆர்என்ஏவும் போய்விடும். எஸ்ஜிஆர்எஸ் 227 எழுத்து சிற்றார்என்ஏ, அதற்குள்ளேயே 43 அமினோ அமில எஸ்ஜிஆர்டி; இரண்டுக்கும் தனித்தனி வேலை. நீக்காமல், இரண்டாம் மூன்றாம் கோடானில் முடிவுக் கோடான் ஒன்றைச் செருகுங்கள். பெரிய ஜீனுக்குள் வேறு சட்டத்தில் பொதிந்திருந்தால், பெரிய புரதத்தின் எழுத்து மாறாதபடி தேர்ந்தெடுங்கள். பிறகு பிளாஸ்மிடிலிருந்து புரதத்தை மட்டும் கொடுத்து மீட்டுப் பாருங்கள். தொடக்கக் கோடானைக் கெடுப்பதைவிட இது தெளிவு.

மைனா: ஏஐ டூல் ஏதாவது?

எறும்புக்குச் சொன்னதுதான்.

தும்பி: மாஸ் ஸ்பெக்கில் (புரதத் துண்டுகளை எடையால் அடையாளம் காணும் முறை) ஒரு புரதத்துக்குக் குறைந்தது இரண்டு பெப்டைடு துண்டு வேண்டும் என்ற விதி வைத்தால் ஒன்றும் தேறவில்லை.

30 அமினோ அமிலத்தில் டிரிப்சின் வெட்ட ஓரிரு இடமே கிடைக்கும்; இரண்டு பெப்டைடுக்கு எங்கே போவது? வேறு இடங்களில் வெட்டும் கைமோட்ரிப்சினும் போட்டுப் பாருங்கள். குட்டிப் புரதங்களுக்குத் தவறு விகிதத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். ஒற்றைப் பெப்டைடு என்றால் செயற்கையாகச் செய்த அதே பெப்டைடின் ஸ்பெக்ட்ரத்தோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.