வத்தல்மலைக்காரர் பனிச்சறுக்கு ரோந்துக்குப் போகலாமா?

"உறைபனியையே பார்க்காத தர்மபுரிக்காரன் ஸ்கீ பேட்ரோல் தன்னார்வலர் ஆக முடியுமா? என்ன பயிற்சி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்கீ பேட்ரோல் என்பது பனிச்சறுக்குச் சரிவில் ரோந்து போய், அடிபட்டவர்களை மீட்கும் குழு. அதில் சேர முடியும், சறுக்கக் கற்ற பிறகு. அதற்குக் காஷ்மீரின் குல்மார்க் போன்ற இடத்துக்குப் போகணும். உங்கள் மாவட்டத்து வத்தல்மலையில் பனிமூட்டம்தான் கிடைக்கும்!

அமெரிக்காவில் 1938-இல் தொடங்கிய தேசிய ஸ்கீ பேட்ரோலில் முதலுதவிதான் பெரிய பாடம். அடிபட்டவருக்கு மேல்புறம் இரண்டு ஸ்கீகளை (காலில் மாட்டும் சறுக்குப் பலகைகளை) குறுக்காக நட்டுவைப்பார்கள், மேலிருந்து வருகிறவர்கள் விலகிப் போக. அப்புறம் முறிந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, சறுக்குவண்டியில் இறக்குவார்கள். முன்னால் ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி சறுக்குவார். செங்குத்தான இடத்தில் இன்னொருவர் பின்னாலிருந்து கயிற்றை இழுத்துப் பிடிப்பார். தொப்பூர் கணவாயில் பாரலாரி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரிவில் உங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருப்பவருக்குத்தான் வழியில் முன்னுரிமை. மோதாமல் பார்ப்பது மேலிருந்து வருகிறவர் பொறுப்பு. முதலுதவியை இப்போதே ஊரில் கற்கத் தொடங்குங்கள்.